கையேடும் அதன் புதிய வாசகரும்: நேரக்கணக்குக் கருவிகளை ஏ.ஐ. ஏஜெண்டுகளுக்கு விளக்குவது எங்ஙனம்?

ஒரு கருவியைச் செய்தவர் அதைப் பயன்படுத்துவோருக்கு எவ்வளவு சொல்ல வேண்டும், எதைச் சொல்லாது விடலாம், எந்த வரிசையில் சொன்னால் விளங்கும் என்னும் வினா, கணிப்பொறித் துறையில் அரை நூற்றாண்டுக்கு மேலாக விவாதிக்கப்பட்டு வருவது. அதற்குக் கிடைத்த விடைகள் தம்முள் எவ்வளவு மாறுபட்டாலும், கையேட்டைப் புரட்டுபவர் ஒரு மனிதர் என்னும் அனுமானத்தில் மட்டும் ஒருமித்தே இருந்தன. மொழி மாதிரிகளின் மேல் எழுப்பப்பட்ட ஏ.ஐ. ஏஜெண்டுகள், ஒருவருடைய வேண்டுகோளைப் பெற்றுக்கொண்டு, தாமே டெர்மினலில் கட்டளைகளை இட்டும் இணையச் சேவைகளை அழைத்தும் காரியங்களை முடிக்கத் தொடங்கிய பிறகு, அவ்வனுமானம் முன்போல் உறுதியாக நிற்கவில்லை.

இக்கட்டுரை அவ்வினாவை நேரக்கணக்கு மென்பொருள் என்னும் சிறு வகையொன்றைக் கொண்டு ஆராய முற்படுகிறது. தொடங்கு, நிறுத்து, கூட்டு என்ற மூன்று வினைகளுக்குள் அடங்கிவிடுவதாகத் தோன்றும் இக்கருவிகள், காலம், பணம், சட்டம் ஆகிய மூன்றையும் ஒருங்கே தொடுவனவாதலால், கையேட்டில் விடுபட்ட ஒரு வாக்கியத்தின் விலை என்ன என்பதை இங்கே தெளிவாகக் காண இயலும்.

பழைய விடைகள்

1971-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதியிட்டு, கென் தாம்ப்ஸன், டென்னிஸ் ரிட்சி ஆகிய இருவரின் பெயரால் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த யூனிக்ஸ் நிரலாளர் கையேட்டின் முதற் பதிப்பு, ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், சுருக்க வடிவம், விவரணம், தொடர்புடைய கோப்புகள், பிழைச் செய்திகள், குறைபாடுகள் என்ற தலைப்புகளை வகுத்தது. அந்த அமைப்பு பெரும்பாலும் மாறாமல் இன்றும் வழக்கில் இருக்கிறது. இவற்றுள் குறைபாடுகள் என்னும் பகுதி தனிக் கவனத்துக்குரியது. தம் கருவி எங்கே தவறும் என்பதை அதைச் செய்தவரே முன்வந்து அச்சிடுவது, விற்பனைக்கென எழுதப்படும் கையேடுகளில் எளிதில் காணக் கிடைக்காத நேர்மை. படிப்பவர் ஏற்கெனவே பாதி அறிந்தவர் என்று கொண்டு, காரணங்களையும் சந்தர்ப்பங்களையும் சொல்லாமல் விடுவது இம்மரபின் பலவீனம்.

டொனால்ட் நூத் 1984-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், நிரல் என்பது இயந்திரத்துக்கு இடப்படும் உத்தரவாக மட்டும் நில்லாமல், அதன் நோக்கத்தை மனிதருக்கு விளக்கும் இலக்கியப் படைப்பாகவே எழுதப்பட வேண்டும் என்று வாதித்தார். கருத்து பெரிதும் மதிக்கப்பட்டது, கடைப்பிடித்தவரோ சிலர். நல்ல நிரலாளரும் நல்ல கட்டுரையாசிரியரும் ஒரே ஆளாக வாய்ப்பது அரிது என்பதே அதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம்.

இவ்விரண்டுக்கும் நேர் எதிரான திசையிலிருந்து வந்தவர் ஐ.பி.எம். ஆய்வாளராயிருந்த ஜான் கேரல். 1990-இல் வெளியான 'நியூரம்பெர்க் புனல்' என்னும் நூலில் அவர் முன்வைத்த கொள்கை, மக்கள் கையேட்டை ஒழுங்காகப் படிப்பதில்லை, கருவியைத் தொட்டுப் பார்த்தே கற்கிறார்கள் என்ற கண்கூடான உண்மையிலிருந்து தொடங்குவது. ஆதலால் கையேடு சுருங்க வேண்டும், கையிலிருக்கும் காரியத்தை ஒட்டியே பேச வேண்டும், தவறு நேர்ந்தால் அதை உணர்ந்து மீள்வதற்கு வழிகாட்ட வேண்டும் என்றார். முழுமையான ஆதார நூலை நாடுவோருக்கு இம்முறை போதாது என்னும் ஆக்ஷேபம் அதன்மேல் எழுந்தது. டேனியேலே புரோசிடா பயிற்சிப் பாடம், செய்முறைக் குறிப்பு, ஆதாரக் குறிப்பு, விளக்கவுரை என நான்காகப் பிரித்த பிற்காலத்து வகைப்பாடு, ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் திணிப்பதால் விளையும் குழப்பத்தைத் தவிர்க்க முயன்ற ஒரு சமரசம் எனலாம்.

புதிய வாசகரோ கேரல் கண்ட மனிதரைத் தலைகீழாக்கியவர். மனிதர் கையேட்டைத் தாண்டிச் சென்று கருவியைத் தொட்டுப் பார்ப்பார். ஏஜெண்டோ கொடுத்த வரிகள் அனைத்தையும் படித்துவிட்டு, வரி இல்லாத இடத்தை வேறு கருவிகளைப் பற்றித் தான் கற்றவற்றைக் கொண்டு நிரப்பிவிடும். அவ்வாறு நிரப்பப்பட்ட ஊகம் உண்மையான அறிவைப் போன்றே திடமான தொனியில் வெளிப்படுவது இதன் அபாயம்.

நேரத்தைப் பதிவதன் தனிச் சிக்கல்கள்

வேலை நேரத்தைக் கருவியால் பதிவது புதிய வழக்கம் அன்று. 1880-களின் இறுதியில் அமெரிக்காவில் வில்லர்ட் பண்டி செய்த நேரப்பதிவுக் கடிகாரத்தின் தொழில், பல இணைப்புகளுக்குப் பின், 1911-இல் உருவாகி 1924-இல் ஐ.பி.எம். எனப் பெயர் பூண்ட நிறுவனத்துக்குள் வந்து சேர்ந்தது என்பது சரித்திரம். இன்றைய சட்டமும் இதில் தலையிடுகிறது: ஊழியரின் தினசரி வேலை நேரத்தை அளக்கப் புறவயமானதும் நம்பத்தக்கதும் எளிதில் அணுகக்கூடியதுமான ஏற்பாட்டை முதலாளிகள் வைத்திருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 மே 14-இல் தீர்ப்பளித்தது. வாரந்தோறும் டைம்ஷீட் நிரப்பும் சென்னை மென்பொருள் ஊழியருக்கு, அந்தக் கட்டங்களில் இடும் எண் வாடிக்கையாளரின் விலைப்பட்டியல் வரை செல்வது என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கருவிகளுக்குள் நுழைந்து பார்த்தால் சூட்சுமங்கள் புலப்படும். டெர்மினலில் இயங்கும் டைம்வாரியர் என்னும் திறந்தமூல மென்பொருள், மாதத்துக்கு ஒரு கோப்பாக, யூ.டி.சி. என்னும் உலகப் பொது நேரத்தில் பதிவுகளைச் சேமித்து, காட்டும்போது உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக்கொள்கிறது. இந்திய நேரம் அதனினும் ஐந்தரை மணி முந்தியது. ஆகவே இங்கே மாதத்தின் முதல் நாள் விடியற்காலையில் செய்த வேலை, கோப்பிலோ முந்தைய மாதத் தேதியில் நிற்கும். அக்கோப்பை நேரடியாகத் திறந்து படிக்கும் ஏஜெண்டு, இதை யாரேனும் எழுதி வைத்திராவிடில், மாதக் கணக்கைத் தவறாகவே கூட்டும்.

அதனினும் நுட்பமானது அடையாள எண் பற்றிய விஷயம். டைம்வாரியரில் மிக அண்மைப் பதிவுக்கு @1 என்றும் அதற்கு முந்தியதற்கு @2 என்றும் பெயர். புதிய பதிவு ஒன்று தொடங்கியவுடன் பழைய @1 தானாகவே @2 ஆகிவிடுகிறது. திரையைப் பார்த்தபடி தட்டச்சு செய்யும் மனிதருக்கு இது வசதி. பத்து படிகளுக்கு முன்னர் வாசித்த பட்டியலை நினைவில் வைத்துக்கொண்டு @3-ஐ நீக்கு என்று கட்டளையிடும் ஏஜெண்டுக்கு இது பொறி. டாக்கிள் என்னும் இணையச் சேவையின் ஏ.பி.ஐ.யில் வேறொரு சங்கேதம்: ஓடிக்கொண்டிருக்கும் பதிவின் கால அளவு எதிர்மறை எண்ணாக இருக்கும். அச்சம்பிரதாயம் தெரியாமல் ஒரு வாரத்துக் கால அளவுகளைக் கூட்டினால் வரும் தொகையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. இப்போது மணி என்ன என்பது மொழி மாதிரிக்குத் தானாகத் தெரியாது. உரையாடலில் யாரேனும் சொல்லியிருந்தாலொழிய, அல்லது கணிப்பொறியின் கடிகாரத்தை அது கேட்டுப் பெற்றாலொழிய, 'அரை மணிக்கு முன்பிருந்து பதிவு செய்' என்ற எளிய வேண்டுகோளுக்குக்கூட அது ஊகத்தால் விடை சொல்லும் நிலையிலேயே இருக்கிறது. எந்தப் பழைய கையேடும் தன் வாசகருக்கு நேரம் தெரியாதிருக்கும் என்று எண்ணி எழுதப்பட்டதன்று.

வடிவமே போதும் என்னும் கட்சி

இயந்திரத்துக்கு உரைநடை எதற்கு, உள்ளீட்டின் பெயர்களையும் வகைகளையும் வரையறுத்துத் தந்தால் போதாதா என்பது முதற் கட்சியினரின் வாதம். இதன் வம்சாவளி நீண்டது. 2001-ஆம் ஆண்டில் டிம் பெர்னர்ஸ்-லீயும் உடனெழுதியோரும் பொருளுணர் வலை பற்றிக் கண்ட கனவிலேயே, மனிதர் சார்பில் சேவைகளைத் தேடி அழைக்கும் ஏஜெண்டுகள் இடம்பெற்றிருந்தன; அதையொட்டிய காலத்தில் வெளியான டபிள்யூ.எஸ்.டி.எல். இணையச் சேவைகளை இயந்திரம் வாசிக்கத்தக்க முறையில் விவரித்தது. ஸ்வாகர் எனத் தொடங்கி 2015-இல் லினக்ஸ் அறக்கட்டளையின் குடையின் கீழ் வந்த ஓபன்ஏ.பி.ஐ. அதை எளிமையாக்கியது. ஓபன்ஏ.ஐ. 2023 ஜூனில் தன் மாதிரிகளுக்கு அளித்த செயற்கூறு அழைப்பு வசதியும், மாதிரிகளைக் கருவிகளோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்.சி.பி. நெறிமுறையும் இவ்வழியின் அண்மைக் கிளைகள்.

இக்கட்சியின் வலிமை மறுக்கற்பாலதன்று. தவறான வகையில் வந்த உள்ளீட்டை ஓட்டுவதற்கு முன்பே நிராகரிக்கலாம். கருவி மாறும்போது வரையறையையும் தானாக உருவாக்கிக்கொள்ளலாம். ஆயினும், கால அளவு ஒரு முழு எண் என்பதைச் சொல்லும் வரையறை, அது எதிர்மறையாயின் வேலை இன்னும் ஓடுகிறது என்ற அர்த்தத்தைச் சொல்வதில்லை. தொடக்க நேரம் எழுத்துச் சரமாக வரலாம் என்பதைச் சொல்லும் அது, நேர மண்டலம் குறிக்கப்படாவிட்டால் யாருடைய ஊர் நேரமாக எடுத்துக்கொள்ளப்படும் என்பதில் மௌனம் சாதிக்கும். வடிவத்துக்கும் அர்த்தத்துக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியே பொருளுணர் வலையின் கனவு இருபது ஆண்டுகளாக முழுமை பெறாமல் நின்றதற்கு ஒரு முக்கிய காரணம் என்று கருத இடமுண்டு. எம்.சி.பி.யிலும் ஒவ்வொரு கருவிக்கும் உரைநடை விவரணம் ஒன்று சேர்க்கப்படுவது, இக்கட்சியே தன் போதாமையை ஒருவாறு ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம்.

உரைநடையே போதும் என்னும் கட்சி

மொழி மாதிரி மொழியைப் படிப்பதற்கென்றே செய்யப்பட்டதாயிற்றே, அதற்கு மனிதருக்குரிய கையேட்டையே தந்தால் என்ன என்பது எதிர்க்கட்சி. 2023 ஆகஸ்டில் வெளியான ஷியே முதலியோரின் ஆய்வு, செய்து காட்டிய உதாரணங்கள் எதுவும் இன்றி, கருவியின் கையேட்டை மட்டும் தந்தபோதும் மாதிரிகள் ஒப்பத்தக்க திறமையோடு கருவிகளைப் பயன்படுத்தின என்று காட்டியது. அதே ஆண்டு பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கொரில்லா என்னும் ஆய்வு, வேண்டிய கையேட்டுப் பகுதியைத் தேடியெடுத்துத் தருவதால், இல்லாத அழைப்புகளை மாதிரி கற்பனை செய்வது குறைவதையும், கையேடு மாறியபோது மாதிரியும் அதற்கேற்ப மாறிக்கொள்வதையும் எடுத்துக்காட்டியது. தளத்தின் சாரத்தை எளிய உரைக்கோப்பில் வைக்கும்படி 2024-இல் ஜெரமி ஹாவர்ட் செய்த யோசனையும், நிரற் களஞ்சியங்களில் ஏஜெண்டுகளுக்கென்றே ஒரு குறிப்புக் கோப்பை வைக்கும் பிற்கால வழக்கமும் இவ்வெண்ணத்தின் வழிவந்தவை.

இங்கும் குறைகள் உள. மாதிரி ஒரே சமயத்தில் பார்வையில் வைத்துக்கொள்ளக்கூடிய எழுத்தின் அளவுக்கு எல்லை உண்டு. எல்லைக்குட்பட்டிருந்தாலும், நீண்ட உரையின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள செய்திகளை நடுவிலுள்ளவற்றைவிட மாதிரிகள் நன்கு பயன்படுத்தின என்று 2023-இல் லியூ முதலியோர் கண்டறிந்தனர். மாதிரிகள் அதற்குப் பின் பெரிதும் முன்னேறியிருப்பினும், எல்லாவற்றையும் கொட்டிக் கொடுப்பது நல்ல முறை என்று யாரும் இப்போது வாதிடுவதில்லை. முதலில் ஓரிரு வரி விவரணத்தை மட்டும் காட்டி, தேவை எழுந்தபின் முழுக் குறிப்பைத் திறக்கச் செய்யும் படிநிலை முறை, 2025 அக்டோபரில் ஆந்த்ரோபிக் அறிமுகப்படுத்திய ஏஜெண்ட் ஸ்கில்ஸ் ஏற்பாட்டில் தெளிவான உருவம் பெற்றது. எப்போது திறக்க வேண்டும் என்பதை அந்த ஓரிரு வரியே தீர்மானிப்பதால், முழுக் கையேட்டின் பாரமும் ஒரு வாக்கியத்தின் மேல் வந்து இறங்குவது இதன் விலை.

கருவியையே திருத்துக என்னும் கட்சி

மூன்றாவது கட்சியினர் கையேட்டைப் பற்றிய தர்க்கத்தையே ஐயுறுகின்றனர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எஸ்.டபிள்யூ.இ.-ஏஜெண்ட் ஆய்வு 2024-இல், மனிதருக்கென இடைமுகம் அமைப்பதுபோல ஏஜெண்டுக்கெனவும் தனி இடைமுகம் அமைக்க வேண்டும் என்று வாதித்தது. கோப்பை நூறு வரிகள் வீதம் காட்டுவது, இலக்கணப் பிழையுள்ள திருத்தத்தை ஏற்க மறுத்துக் காரணம் சொல்வது, வெளியீடு எதுவும் இல்லாதபோது கட்டளை வெற்றிகரமாக முடிந்தது என்று வாய்திறந்து சொல்வது முதலியன அவர்கள் கைக்கொண்ட உபாயங்கள். கடைசியாகச் சொன்னது யூனிக்ஸ் மரபுக்கு நேர் விரோதம். அங்கே வெற்றி மௌனத்தால் அறியப்படும். மௌனத்தைத் தோல்வியென்று எண்ணி அதே பதிவை மறுமுறை தொடங்கும் ஏஜெண்டால் நேரக்கணக்கில் விளையும் இரட்டிப்பை எண்ணினால், பழைய மரபு இவ்விடத்தில் விட்டுக்கொடுப்பதே நலம் என்று தோன்றுகிறது.

பிழைச் செய்தியே சிறந்த கையேடு என்பது இவர்களது துணிபு. கேரலின் பழைய போதனை வேறு வேஷத்தில் திரும்பியிருக்கிறது என்றும் கூறலாம். டைம்வாரியர் இதில் ஓரளவு முன்மாதிரி: இரு பதிவுகள் ஒன்றன்மேல் ஒன்று படியுமானால், படியக் கூடாது என்று மறுப்பதோடு, நேரத்தைத் திருத்து அல்லது சரிசெய் என்னும் குறிப்பைச் சேர் என்று மாற்று வழியையும் அது சொல்கிறது. ஆனால் அந்த மாற்று வழியிலேயே இடர் மறைந்திருக்கிறது. சரிசெய் என்னும் குறிப்பைச் சேர்த்தால் புதிய பதிவுக்கு இடம் தருவதற்காகப் பழைய பதிவுகள் வெட்டப்படும் அல்லது மறைந்துபோகும். பிழைச் செய்தி காட்டிய வழியில் உடனே செல்லும் இயல்புடைய ஏஜெண்டு, மனிதர் தயங்கி நின்றிருக்கக்கூடிய இடத்தில் தயங்காது. செய்ததை மீட்கும் கட்டளை இக்கருவியில் உண்டு என்பதும், அதை எப்போது பயன்படுத்த வேண்டும் என்பதும் பிழைச் செய்தியின் இரு வரிகளுக்குள் அடங்கா. ஆக, நல்ல இடைமுகம் கையேட்டின் நீளத்தைக் குறைக்குமேயன்றிக் கையேட்டின் அவசியத்தை நீக்கிவிடுவதில்லை. முதன்முறை இயக்கும்போது ஆம், இல்லை என்று கேட்டுக் காத்திருக்கும் கருவிகளின் முன், பதில் தட்டச்சு செய்ய ஆளில்லாத ஏஜெண்டு செயலற்று நின்றுவிடும் என்பதையும், இவ்வாறு கருவியைத் திருத்துவது பழைய பயனர்களின் வழக்கத்தைக் குலைக்கக்கூடும் என்பதையும் இக்கட்சியினர் சற்றே விரைந்து கடந்து செல்கின்றனர்.

கையேடு கட்டளையாகும்போது

இதுகாறும் சொல்லப்பட்ட கருத்துமாறுபாடுகளுக்கெல்லாம் பழைய சாயல்கள் உண்டு. உண்மையிலேயே புதிது என்று சொல்லத்தக்கது அதிகாரம் பற்றிய சங்கடம். மனிதர் படிக்கும் கையேடு அவருக்குச் செய்தி சொல்கிறது. மொழி மாதிரி படிக்கும் கையேடோ, அதன் பார்வையில், எஜமானரின் உத்தரவு வந்த அதே எழுத்தோட்டத்தில் வந்து கலக்கிறது. 2022 செப்டம்பரில் சைமன் வில்லிஸன் பிராம்ட் இஞ்செக்ஷன் என்று பெயரிட்ட தாக்குதலும், வெளியிலிருந்து வாசிக்கப்படும் ஆவணங்களின் வழியாக அது நுழையக்கூடும் என்று 2023-இல் கிரெஷேக் முதலியோர் செய்த விளக்கமும், 2025 ஏப்ரலில் இன்வேரியண்ட் லேப்ஸ் கருவியின் விவரண வரிகளுக்குள்ளேயே கள்ள உத்தரவை ஒளித்து வைக்க முடியும் எனக் காட்டியதும் ஒரே இழையின் தொடர்ச்சிகள்.

நேரக்கணக்கில் இது கையேட்டோடு நிற்பதில்லை. ஒவ்வொரு பதிவிலும் ஊழியரோ வாடிக்கையாளரோ எழுதும் குறிப்பு உண்டு. அக்குறிப்பும் ஏஜெண்டின் வாசிப்புக்குள் வருகிறது. எம்.சி.பி.யின் 2025 மார்ச் பதிப்பில், ஒரு கருவி வாசிக்க மட்டும் செய்வதா, அழிப்பதா, மறுமுறை செய்தாலும் விளைவு மாறாததா என்பனவற்றைத் தெரிவிக்கும் அடையாளக் குறிப்புகள் சேர்க்கப்பட்டன. நம்பிக்கைக்குரிய இடத்திலிருந்து வந்தாலன்றி அவற்றை நம்பலாகாது என்றும் அதே பதிப்பு சொல்கிறது. கருவி தன்னைப் பற்றித் தானே தரும் சாட்சியம் எவ்வளவு பிரமாணமாகும் என்ற கேள்வி இங்கே திறந்தபடியே இருக்கிறது.

யாருடைய நேரம்?

கையேட்டு விவாதத்தில் பலரும் தொடாமல் விடும் ஒரு விஷயம், பதிவாகும் நேரம் யாருடையது என்பது. டைம்வாரியரில் புதிய பதிவைத் தொடங்கினால் ஓடிக்கொண்டிருந்தது தானாக முடிந்துவிடும். ஒரு மனிதர் ஒரு சமயத்தில் ஒரு வேலையே செய்வார் என்பது அதன் அடிப்படை. ஒருவருக்காக மூன்று ஏஜெண்டுகள் ஏககாலத்தில் உழைத்து, மூன்றும் ஒரே கணக்கில் பதிவு தொடங்கினால், ஒன்று மற்றொன்றின் பதிவை முடித்துக்கொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு வைக்கலாம் என்பது எளிய தீர்வு. ஆனால் ஏஜெண்டு உழைத்த நாற்பது நிமிடங்களை வாடிக்கையாளரின் விலைப்பட்டியலில் மனித உழைப்பாகச் சேர்ப்பதா, மேற்பார்வை செய்த பத்து நிமிடங்களை மட்டும் சேர்ப்பதா என்பதை எந்தக் கையேடும் தீர்மானிக்க முடியாது; தீர்மானித்தவர் யார் என்பதையாவது அது குறிக்கலாம்.

மனிதரின் சொந்த மதிப்பீடும் இதில் நம்பத்தக்கதன்று. மெட்ர் என்னும் ஆய்வு அமைப்பு 2025-இல் வெளியிட்ட சோதனையில், அனுபவமிக்க 16 நிரலாளர்கள் 246 பணிகளில், ஏ.ஐ. துணையோடு செய்தபோது 19 சதவீதம் அதிக நேரம் எடுத்துக்கொண்டனர். முடித்த பின்னரும் தாங்கள் 20 சதவீதம் விரைவாகச் செய்ததாகவே அவர்கள் எண்ணினர். சிறிய சோதனைதான், குறிப்பிட்டதொரு காலத்துக் கருவிகளைப் பற்றியது. எனினும் நினைவிலிருந்து நிரப்பப்படும் டைம்ஷீட்டின் தகுதியைப் பற்றி அது எழுப்பும் சந்தேகம் சிறிதன்று.

மதிப்பீடு

மேற்கண்ட கட்சிகளுள் எதுவும் தனித்து நிற்கப் போதியதாகத் தோன்றவில்லை. வடிவ வரையறையும் உரைநடையும் ஒன்றையொன்று வேண்டுவன என்பதில் இப்போது பெரிய கருத்துவேறுபாடு இல்லை. ஏஜெண்டுக்கெனத் தனிக் கையேடா, மனிதருக்குரியதே போதுமா என்பதிலோ வேறுபாடு நீடிக்கிறது. தனியாக ஒன்று எழுதினால் இரண்டும் காலப்போக்கில் முரண்படும். ஒன்றையே வைத்தால் யாரேனும் ஒருவருக்கு அது மிகையாகும். ஒரே மூலத்திலிருந்து இரண்டையும் பிரித்தெடுப்பது நடைமுறைக்கு ஏற்றதாயினும், அம்மூலத்தில் இல்லாதது இரண்டிலும் இராது. ஆகவே தற்போதைக்கு முக்கியமானவை, நேரத்தை எங்கிருந்து பெறுவது, எந்த மண்டலத்தில் எழுதுவது, எந்த அடையாளம் நிலையானது, எந்தக் கட்டளை மீட்க முடியாதது, வெற்றியின் அடையாளம் என்ன என்பன என்றே கூறத் தோன்றுகிறது. இவை மனிதருக்கும் சொல்லப்பட்டிருக்க வேண்டியவையே. 1971-இன் குறைபாடுகள் பகுதி இவற்றுக்கு இன்னும் பொருத்தமான இடம்.

அதிகாரத்தைப் பற்றிய சங்கடத்துக்கு மட்டும் கையேட்டுக்குள் விடை தேடுவது வீண். அது ஏஜெண்டுக்கு எந்த உரிமை அளிக்கப்படுகிறது, யாருடைய சம்மதம் எந்த இடத்தில் கேட்கப்படுகிறது என்பவற்றைப் பொறுத்தது. அவை தெளிவாகும் வரையில், ஏஜெண்டு எழுதிய நேரக்கணக்கைப் பொறுப்புள்ள ஒருவர் சரிபார்த்து ஒப்புக்கொள்ளாமல் விலைப்பட்டியலாகவோ சம்பளப் பட்டியலாகவோ ஆக்குவதற்கு, எத்துணைச் சிறந்த கையேடும் போதிய ஆதாரமாகாது.